துணைக்குப் போகிற பிள்ளைகளுக்கு

தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு வாரம் ஒருநாள் துணையாகப் போக முன்வந்திருக்கிறீர்கள். இந்த வேலையிலேயே நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. நீங்கள் துணைக்குப் போகிறவருக்கு 38 வயது என்றால் 38 வயதுக்காரராகவே நடத்துங்கள். கன்னத்தைக் கிள்ளாதீர்கள், மிட்டாய் நீட்டாதீர்கள். 'அண்ணே, வாங்க' என்று பேசுங்கள். உங்களைப் பார்த்துத்தான் டீக்கடைக்காரரும் பேசுவார்.

2. நாலு மணிக்கு வருவதாகச் சொன்னால் மூன்று மணிக்கே சட்டை மாற்றித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வர முடியாதென்றால் முதல் நாளே சொல்லுங்கள். அம்மாவிடம் அல்ல, அவரிடம்.

3. வெளியே அழைத்துப் போங்கள். நாற்றுக்கட்டு தூக்க, மாடு ஓட்ட, களத்தில் வைக்கோல் உதற என்று டெல்டாவில் இவர்களுக்கும் ஒரு காலத்தில் ஊரோடு சேர்ந்த வேலை இருந்தது. நடவு மெஷினும் அறுப்பு மெஷினும் வந்தபின் அது போயிற்று; வாசல் தாண்டாதவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இதில்தான் ஆறாத வருத்தம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அடையாள அட்டை அவர் பையில் இருக்கட்டும், கண்டக்டரிடம் அவரே காட்டட்டும். டீக்குக் காசையும் அவரே எண்ணிக் கொடுக்கட்டும். பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள். பெரிய கோயிலில் பிரதோஷக் கூட்டம் அவருக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மேட்டூர் திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால், படித்துறையில் அவரைத் தனியே விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது.

4. 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். வற்புறுத்தாதீர்கள்.

5. இவர்களில் பலருக்கு வலிப்பு உண்டு. வந்தால் கையில் சாவி, இரும்பு திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். தலைக்கடியில் துண்டு வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

6. கதவு சாத்திய அறையில் இருவர் மட்டும் இருக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். 1964-ல் பிரான்சில் 'லார்ஷ்' இல்லங்களைத் தொடங்கியவர் ழான் வனியே. இவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ உலகுக்கே வழிகாட்டியவர். பெங்களூர் ஆஷா நிகேதனும் அந்த வழியில் வந்ததுதான். அந்த வனியே பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்ததை, அவர் இறந்தபின் 2020-ல் அந்த அமைப்பே விசாரித்து வெளியிட்டது. நல்லவர் என்ற பெயர் யாருக்கும் விதிவிலக்கு ஆகாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

7. ஒருநாள் அவருடைய அம்மா, 'எனக்கப்புறம் இவனை யாரு பாப்பா?' என்று கேட்பார். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்க, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதே சட்டத்தின் கீழ் இயங்கும் அறக்கட்டளையின் நிரமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, கலெக்டர் ஆபீசுக்குக் கூடவே போய் வாருங்கள்.

8. ஒரு வருடமாவது தொடர்ந்து வர முடியுமென்றால் மட்டும் பெயர் கொடுங்கள். கல்லூரிச் சான்றிதழுக்காக மூன்று மாதம் வந்து நின்றுவிடுவதாக இருந்தால், தயவுசெய்து வராதீர்கள்.