முத்திரைத்தாள் போதுமா?

பெங்களூரில் காக்ஸ் டவுன் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு மார்க்கெட் உண்டு. பக்கத்திலேயே ஜீவனஹள்ளி. கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே இங்கே தமிழர்கள் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் வீட்டுப் பத்திரம் கன்னடத்தில் இருக்கும். இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கும்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். மார்க்கெட்டில் பூ விற்கிறார். இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்தவர். ஒரு நாள் மாலை சிரித்த முகத்தோடு வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கண்ணு, வீடு வாங்கப் போறேன். ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு. நாளைக்கு மூணு லட்சம் அட்வான்ஸ் தரணும். சீட்டுப் பணம் வந்திருக்கு. இதைப் படிச்சுச் சொல்லு."

அது முத்திரைத்தாள். கீழே நோட்டரி சீல் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மெல்லப் படித்தேன்.

"அக்கா, இது கிரயப் பத்திரம் இல்லை. வீட்டை விற்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம். கூடவே ஒரு பவர் பத்திரம். அவ்வளவுதான்."

"அதான் கவர்மென்ட் முத்திரை இருக்கே?"

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முத்திரை என்பது அரசுக்குத் தீர்வை கட்டியதற்கு அடையாளம். வீடு கைமாறியதற்கு அடையாளம் அல்ல. நோட்டரி சீலும் அப்படித்தான். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனையை விற்றால், கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் இதைச் சொல்கிறது.

"பவர் இருந்தால் போதும், வீடு உங்களுடையது" என்று தரகர்கள் சொல்வார்கள். 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் வீட்டைச் சொந்தமாக்காது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். ஒப்பந்தம் வீண் என்று சொல்லவில்லை. பேச்சு மாறினால் அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அது முதல் படிதான்.

மறுநாள் அக்கா பணம் கொடுக்கவில்லை. "ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டார். தரகருக்குக் கோபம். "வேற ஆள் ரெடியா இருக்கு" என்றார். இப்படி அவசரப்படுத்தினால் இன்னும் கவனமாக இருங்கள்.

முதலில் வில்லங்கச் சான்று எடுத்தோம். மக்கள் இதை 'ஈ.சி.' என்பார்கள். அந்த வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் இதில் இருக்கும். கர்நாடகத்தில் 2004 ஏப்ரல் முதல் உள்ளவை கம்ப்யூட்டரில் கிடைக்கும். பதிவுத்துறையின் இணையதளத்துக்குப் பெயர் காவேரி. அதற்கு முந்தியதைப் பதிவு அலுவலகத்தில் தேட வேண்டும். முப்பது வருடத்துக்குப் பார்ப்பது நல்லது.

பார்த்தோம். வீடு விற்பவர் பெயரில் இல்லை! இறந்துபோன அவர் அப்பாவின் பெயரில் இருந்தது. அவருக்கு இரண்டு தங்கைகள். ஒருவர் கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவர்.

"பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு. அவங்களுக்கு என்ன?" என்றார் விற்பவர்.

அப்படி இல்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா தான் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. 1956-ம் ஆண்டின் சட்டம் இது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. ஆனால் அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. தங்கைகள் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால் அக்காவின் மூன்று லட்சம் என்ன ஆகியிருக்கும்?

ஈ.சி.யில் எல்லாமே தெரியாது. அந்த வீட்டில் ஒருவர் லீசுக்குக் குடியிருந்தார். அதாவது போக்கியம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. அது பதிவாகவில்லை. அதனால் ஈ.சி.யில் வரவில்லை. அக்கா கதவைத் தட்டிக் கேட்டதால்தான் தெரிந்தது. நேரில் போங்கள். யார் குடியிருக்கிறார், எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று கேளுங்கள். மூலப் பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

பெங்களூரில் காத்தா என்று ஒன்று உண்டு. மாநகராட்சிக்கு யார் வரி கட்டுகிறார் என்று காட்டும் பதிவு அது. சொந்தம் என்பதற்கு அதுவே பத்திரம் ஆகாது. ஆனாலும் அது அவசியம். 2024 அக்டோபர் முதல் மாநகராட்சிப் பகுதியில் இ-காத்தா இல்லாமல் விற்பனையைப் பதிவு செய்ய முடியாது. இங்கே அப்பா பெயரை மாற்றி வாரிசுகள் பெயரைச் சேர்க்கவே பல வாரம் போனது.

பணத்தை அக்கா ரொக்கமாகத் தரவில்லை. வங்கி வழியாகக் கொடுத்தார். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்க வருமானவரிச் சட்டத்தில் இடமில்லை. வங்கிக் கணக்கு நமக்குச் சாட்சியும் ஆகும்.

செலவு உண்டு. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே 40,000 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. இதற்குப் பயந்துதான் பலர் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகிறார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பெங்களூரில் இதன் மாநில அலுவலகம் சித்தையா சாலையில், நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது.

பத்திரம் கன்னடத்தில் தயாரானது. கையெழுத்துப் போடும் முன் அக்கா, "வரி விடாமப் படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க" என்றார். எழுத்தர் முகம் சுளித்தார். ஆனாலும் படித்தார். நான்கு எல்லை சொல்லும் இடம் வந்தது. "மேற்கே சந்து" என்றார்.

"இல்லையே! சந்து கிழக்கால இருக்கு. காலையில வெயில் அந்தப் பக்கம்தானே அடிக்குது?"

எழுத்தர் திருத்தி எழுதினார். தங்கவயல் தங்கையும் மற்றவர்களும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். குடியிருந்தவருக்கு லீசுப் பணம் திரும்பிப் போனது. பதிவு அலுவலகத்தில் படம் எடுத்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். இது படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் உண்டு. பிறகு காத்தாவும் மின்சார மீட்டரும் அக்கா பெயருக்கு மாறின.

பயிற்சி: உங்கள் வீட்டுப் பத்திரம் அல்லது வரி ரசீதை எடுங்கள். யார் பெயர் இருக்கிறது? நான்கு எல்லை எங்கே எழுதியிருக்கிறது? வாசலில் நின்று சரிபாருங்கள்.