வல்லாரையை வளவில் வளர்ப்போம், அறிந்து உண்போம்

விஜயதசமி நாளில் எமது ஆலயத்தில் சிறுவர்களுக்கு ஏடு தொடக்கும்போது, பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு ஞாபகசக்தி கூட என்ன கொடுக்கலாம்?" என்பதே அது. பக்கத்தில் நிற்கும் பாட்டிமார் உடனே சொல்லும் பதில் "வல்லாரை". தெலுங்கு மொழி பேசுவோர் இதனைச் "சரஸ்வதி இலை" என்ற பெயராலேயே அழைக்கின்றனர். கலைமகளின் பெயரைப் பெறும் அளவுக்கு மதிக்கப்பட்ட இப்பூண்டு, ஒரு காலத்தில் எமது கிராமத்தின் ஒவ்வொரு கிணற்றடியிலும் தானாகவே படர்ந்து கிடந்தது. இன்று அதனைச் சந்தையில் கட்டுக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோம். அது எந்த நீரில் வளர்ந்தது, எதனைத் தெளித்து வளர்த்தார்கள் என்பது எமக்குத் தெரியாது.

வல்லாரையை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு வளர்ப்பது, எவ்வாறு உண்பது, எந்த இடத்தில் அதனை நம்பி இருக்கக்கூடாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் குடும்பமும்

வல்லாரை வெப்பவலய ஆசிய நாடுகளில் ஈரலிப்பான இடங்களில் படரும் பல்லாண்டுப் பூண்டு. சிங்கள மக்கள் இதனைக் "கொட்டுகொல" என்பர். வடமொழியில் "மண்டூகபர்ணி" எனப்படும். மண்டூகம் என்றால் தவளை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் இதற்கு ஒரு பெயரிட்டார். பின்னர் 1879 இல் ஏர்பன் என்பவர் வகுத்த "சென்ரெல்லா ஏசியாற்றிக்கா" என்ற பெயரே இன்று வழங்குகின்றது. கொத்தமல்லி, சீரகம், கரட் ஆகியவை சேர்ந்த குடும்பத்தையே வல்லாரையும் சேர்ந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வட இந்தியாவில் சில இடங்களில் வல்லாரையைப் "பிரமி" என்று அழைக்கின்றனர். எமது வைத்தியர்கள் "நீர்ப்பிரமி" என்று கூறுவது முற்றிலும் வேறொரு தாவரம். நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, தடித்தவை, தண்டின் இருபுறமும் எதிரெதிராக அமைந்தவை. ஆகவே மருந்துக் கடையில் "பிரமி" என்று கேட்டு வாங்குவோர் எதனை வாங்குகிறோம் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனங்காணும் முறை

வல்லாரையின் தண்டு நிலத்தோடு ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, அவ்விடத்திலிருந்து தனித்தனிக் காம்புகளில் இலைகள் எழும். இலை சிறுநீரக வடிவமானது. ஓரம் அரைவட்ட வெட்டுகளாக இருக்கும். பூக்கள் மிகச் சிறியவை, மங்கிய சிவப்பு நிறமானவை, இலைகளின் கீழே மறைந்திருப்பவை.

அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஒரு நீர்ப்பூண்டு பார்வைக்கு வல்லாரை போலவே இருக்கும். அதன் காம்பு, குடையின் பிடி போல, வட்டமான இலையின் நடுவில் பொருந்தியிருக்கும். வல்லாரையின் காம்போ இலையின் பிளவுபட்ட ஓரத்தில் பொருந்தியிருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் சிறு பிள்ளையும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும்.

கிணற்றடியில் இருந்த வல்லாரை எங்கே போனது?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் தங்கியிருந்தோம். 1996 இல் வீடு திரும்பியபோது கூரை இல்லை. வாழைகள் சரிந்து கிடந்தன. கிணற்றடித் தொட்டியின் நிழலில் மட்டும் ஒரு பிடி வல்லாரை பச்சையாக நின்றது. அன்று எனது தாயார் அதனை ஆய்ந்து வைத்த சொதிதான் மீண்டும் எமது வளவில் நாம் உண்ட முதல் கறி.

அந்த வல்லாரையை யுத்தம் அழிக்கவில்லை. பின்னர் நாங்களே அழித்துவிட்டோம். கிணற்றடியைச் சுற்றிச் சீமெந்து போட்டோம். நீர் இறைக்கும் இயந்திரமும் மேல்தொட்டியும் வந்தன. குளித்த நீர் வாய்க்காலால் ஓடி வாழையடிக்குப் போன வழி அடைபட்டது. ஈரம் போக வல்லாரையும் போயிற்று. பல வீடுகளின் கதை இதுவே. ஆகவே இனி அதனைத் தானாக வளரும் பூண்டாக எண்ணாது, ஒரு பயிராக எண்ணி வளர்க்க வேண்டும்.

வளர்க்கும் முறை

இடம்: அரை நிழல் மிகப் பொருத்தமானது. வாழை, முருங்கை ஆகியவற்றின் அடியிலோ வேலியோரத்திலோ நடலாம். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடித்துக் கசக்கும். கடும் நிழலில் காம்பு மட்டும் நீண்டு இலை வெளிறிவிடும். கோடையில் நிழல் போதாவிட்டால் நான்கு தடி நட்டு, இடைவெளி விட்டுக் கிடுகு போட்டால் போதும். மலகூடக் குழிக்கு அருகிலும், கழிவுநீர் தேங்கும் இடத்திலும், உடுப்புத் தோய்க்கும் சவர்க்கார நீர் ஓடும் வழியிலும் நடவே கூடாது.

நிலம்: எமது செம்மண்ணுக்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு தாராளமாக இட்டுக் கொத்திப் புரட்ட வேண்டும். பாத்தி மூன்று அடி அகலத்தில் இருந்தால் இருபுறமும் நின்று மிதிக்காமல் ஆயலாம். மாரியில் நீர் தேங்கி அழுகாதபடி பாத்தியைச் சற்று உயர்த்தியும், கோடையில் நீர் நிற்கும்படி சற்றுத் தாழ்த்தியும் அமைப்பது நல்லது.

நடுகை: விதை தேவையில்லை. வேர் விட்ட இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட கொடித்துண்டுகளை ஆறு அங்குல இடைவெளியில் நட்டு, கணுவை மண்ணால் மூடிவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும் காலம் நடுவதற்கு உகந்தது. மழை விட்ட பின்னர் மண் காயாதபடி நாளாந்தம் நீர் விட வேண்டும்.

பராமரிப்பு: முதல் இரண்டு மாதங்களுக்குக் களை பிடுங்குவதே பெரிய வேலை. பின்னர் வல்லாரை நிலத்தை மூடிவிடும். மாரியில் நத்தைகள் வரும். மாலையில் அவற்றைக் கையால் பொறுக்கி அகற்றலாம். செடிகள் மஞ்சளாகிக் குறுகினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அது வட்டப்புழுவின் தாக்கம். அச்செடிகளை அகற்றி, வேறு இடத்தில் நல்ல கொடியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். பச்சையாக உண்ணும் இலைக்குப் பூச்சிநாசினி தெளிப்பது தகாது. யூரியாவை அள்ளி இட்டால் இலை பெருக்கும். அதே வேளை இலையிலும், சுண்ணக்கல் ஊடாகக் கிணற்று நீரிலும் நைத்திரேற்று சேரும் என்பதை மறக்கலாகாது.

அறுவடை: நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதல் முறை ஆயலாம். வேரோடு பிடுங்காமல், காம்பை நிலத்துக்குச் சற்று மேலே கத்தியால் அறுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஆயலாம்.

காணி இல்லாதவர்கள் எட்டு அங்குல ஆழமான அகன்ற சட்டியில் வளர்க்கலாம். இம்மலரைக் கடல் கடந்து வாசிக்கும் எம்மவரும் சட்டியில் வளர்க்கலாம். உறைபனியை வல்லாரை தாங்காது. குளிர்காலத்தில் சட்டியை வீட்டினுள்ளே ஒளி படும் யன்னலருகில் வைக்க வேண்டும்.

கழுவுவதில் கவனம்

வல்லாரை நிலத்தை ஒட்டி வளர்வதால் மண்ணும் கிருமிகளும் இலையில் ஒட்டிக்கொள்ளும். மலத்தால் மாசடைந்த நீரில் வளர்ந்த இலையைப் பச்சையாக உண்டால் நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கண்மாரி என்பன தொற்றலாம். அகன்ற பாத்திரத்தில் மூன்று முறையாவது நீர் மாற்றிக் கழுவி, இறுதியாகக் கொதித்தாறிய நீரில் அலச வேண்டும். உப்பு நீர் பூச்சிகளை அகற்ற உதவும். ஆனால் கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லாது. கொதிக்க வைத்தாலே கிருமிகள் அழியும். ஆகவே வெள்ள காலத்திலும், எங்கே வளர்ந்தது என்று தெரியாத இலையைச் சிறுவர், கர்ப்பிணிகள், நோயாளர் ஆகியோருக்குக் கொடுக்கும்போதும் சமைத்தே கொடுக்க வேண்டும். தெருவோர வாய்க்காலில் செழித்து நிற்கும் வல்லாரையை ஒருபோதும் ஆயக்கூடாது. மண்ணில் உள்ள பார உலோகங்களை உறிஞ்சும் இயல்பும் இதற்கு உண்டு.

உண்ணும் முறை

சம்பல்: இரண்டு கைப்பிடி இலையை மிக நுண்ணியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசைந்து, பரிமாறும் நேரத்தில் தேசிக்காய்ப்புளி விட வேண்டும். முன்பே புளி விட்டால் பச்சை நிறம் மங்கிவிடும். இச்சேர்க்கையில் எமது முன்னோரின் அறிவும் உண்டு. தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து "சி" இலையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. தேங்காயின் கொழுப்பு, உயிர்ச்சத்து "ஏ" ஆக மாறும் கரட்டீன் சேர உதவுகிறது.

இலைக்கஞ்சி: அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசியை நான்கைந்து உள்ளிப்பல்லுடன் குழைய வேகவைக்க வேண்டும். ஒரு கைப்பிடி இலையைச் சிறிது நீர் விட்டு அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி உப்பிட வேண்டும். பனங்கட்டி கடித்துக்கொண்டு காலையில் குடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியைத் தவிர்க்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒருவருக்கு ஒரு கைப்பிடி என்ற அளவு உணவாகப் போதுமானது.

மருந்தாக எவ்வளவு நம்பலாம்?

1941 இல் மடகஸ்காரில் விளைந்த வல்லாரையிலிருந்து ஏசியாற்றிக்கோசைட் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. புண் ஆறும்போது புதிய தோலிழையம் உருவாக இவ்வகைப் பொருட்கள் துணைசெய்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றைக் கொண்ட களிம்புகள் பல நாடுகளில் பயன்படுகின்றன.

ஞாபகசக்தி பற்றிய ஆய்வுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. மனிதரில் செய்யப்பட்ட பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, ஞாபகசக்தியை வல்லாரை கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றே கூறியது. ஆகவே பரீட்சை வாரத்தில் பிள்ளைக்கு வில்லை வில்லையாகக் கொடுப்பதில் பயனில்லை. நல்ல நித்திரையும் காலை உணவும் நாளாந்தப் படிப்புமே முதல் மருந்து. அக்காலை உணவு வல்லாரைக் கஞ்சியாக இருப்பின் மிக நன்று.

இவ்விடத்தில் எனது குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. எனது சிறிய தகப்பனாருக்கு நீரிழிவு இருந்தது. காலில் சிறு புண் வந்தபோது, "வல்லாரை புண்ணை ஆற்றும்" என்று எவரோ கூற, கிணற்றடி இலையை அரைத்து மூன்று வாரம் வைத்துக் கட்டினார். வீட்டில் நாங்களும் நல்லதென்றே எண்ணி அரைத்துக் கொடுத்தோம். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது பெருவிரலைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது. மருந்தாக வந்த களிம்பு சுத்தப்படுத்தப்பட்டது, அளவிடப்பட்டது. மண்ணில் கிடந்த இலை அவ்வாறானதல்ல. திறந்த புண்ணில் அரைத்த பச்சிலையை வைத்தால் கிருமி புகும். நீரிழிவு உள்ளவரின் காற்புண்ணை அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அவ்வாறே, வலிப்பு நோய்க்கு வல்லாரை நல்லது என்று கேட்டு, வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துவது உயிராபத்தானது. ஈரல் நோய் உள்ளவர்கள் மருந்தளவில் வல்லாரையை உட்கொள்ளக்கூடாது. ஆர்ஜென்ரீனாவில் இதனை மருந்தாகத் தொடர்ந்து உட்கொண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டு, நிறுத்திய பின்னர் குணமடைந்ததாக 2005 இல் அறிக்கை வெளியாகியது. கர்ப்பிணிகளும், நித்திரைக்கான மாத்திரை எடுப்போரும் சாறு, சூரணம், வில்லை என்பவற்றைத் தாமாக எடுக்காது வைத்தியரைக் கேட்க வேண்டும். பட்டம் பெற்ற சித்த வைத்தியர்கள் எம்மிடையே உள்ளனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கேட்டறிவதற்கு ஆள் இல்லாத நிலை எமக்கு இல்லை.

நிறைவாக

செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் எழுந்த மண் எமது மண். அம்மரபைப் போற்றுவது என்பது கேட்டதை எல்லாம் நம்புவதன்று. செடியை அறிந்து, அளவை அறிந்து, அதன் எல்லையையும் அறிந்து பயன்படுத்துவதே போற்றுதல் ஆகும். உணவாக உண்ணும்போது வல்லாரை எமக்குத் துணை. வைத்தியரை விட்டு அதனை மட்டும் நம்பும்போது அத்துணையே எமக்குத் தீங்காகிவிடும்.

எமது ஆலயத் திருமஞ்சனக் கிணற்றின் வாழையடியில் ஒரு பாத்தி அமைக்க இடம் உண்டு. அறநெறிப் பாடசாலை மாணவர்கள் அதனைப் பராமரித்தால், அடுத்த விஜயதசமிக்கு ஏடு தொடக்க வரும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வேர் விட்ட ஒரு கொடித்துண்டைக் கொடுத்தனுப்பலாம். பிள்ளை எழுத்தோடு சேர்த்து ஒரு செடியையும் வளர்க்கட்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.