டொமைன் கெடு தவறினால்: சலுகை நாட்களும் கட்டணமும்

வணிகப் பெருமக்களுக்குக் கெடு, தவணை, சலுகை நாள் என்பவை புதியவை அல்ல. தேதி குறித்து எழுதிய பிராமிசரி நோட்டுக்கு அந்தத் தேதிக்கு மேல் மூன்று நாள் உண்டு என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. எல்.ஐ.சி. பிரீமியத்தை ஆண்டுக்கு ஒரு முறை கட்டுகிறவருக்கு ஒரு மாதம் சலுகை. அந்த ஒரு மாதத்தில் பாலிசி உயிரோடுதான் இருக்கும். கடைக்கு இணையதளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர், டொமைன் பெயருக்கும் இதே போன்ற சலுகைதானே என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. என்ன வித்தியாசம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

திருக்கடையூரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று வெளியூரிலிருந்தும் கடல் கடந்தும் குடும்பங்கள் வருகின்றன. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை, அப்பாவின் அறுபதுக்கு மண்டபம், சமையல், பூஜை சாமான் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்து, மின்னஞ்சலில் விசாரித்து, முன்பணமும் அனுப்பிவிடுகிறார். மண்டபக்காரருக்கு வந்த ஆர்டர்தான் அரிசிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் காய்கறி மண்டிக்கும் போகிறது. ஒருவருடைய தளம் நின்றால் நான்கு கடையின் வியாபாரம் தட்டும்.

டொமைன் பெயர் என்பது உங்கள் கடையின் இணைய முகவரி. அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை; ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கிறோம், அவ்வளவே. தளத்தின் படங்களையும் எழுத்தையும் வைத்திருக்கும் இடம் வேறு. அதை ஹோஸ்டிங் என்பார்கள். அதற்குத் தனி வாடகை, தனித் தேதி. ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டுக்கும் கட்டியதாக நினைத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கெடு முடிந்த பின்

இனிச் சொல்லும் கணக்கு டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கானது. இவற்றுக்கு விதி வகுப்பது ஐகேன் என்ற உலக அமைப்பு. பெயர்களின் மூலப் பேரேட்டை வைத்திருப்பது பதிவகம். நமக்குச் சில்லறையாக விற்பவர் பதிவாளர். மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

கெடு முடிந்த அன்றே பதிவகம் தானாக ஓர் ஆண்டு நீட்டித்து, அந்தத் தொகையைப் பதிவாளர் கணக்கில் பற்று எழுதிவிடும். 45 நாளுக்குள் பதிவாளர் அந்தப் பெயரை ரத்து செய்தால் அவருக்குப் பணம் திரும்பும். கவனியுங்கள்: இந்த 45 நாள் சலுகை மொத்த வியாபாரி சில்லறை வியாபாரிக்குக் கொடுத்தது. உங்களுக்குக் கொடுத்ததல்ல. பதிவாளர் உங்களுக்கு அதில் எத்தனை நாள் விடுவார் என்பது அவருடைய ஒப்பந்தத்தில் உள்ளபடி. ஒருவர் முப்பது நாள் வரை பழைய கட்டணத்திலேயே வாங்கிக்கொள்வார். இன்னொருவர் சில நாளிலேயே தாமதக் கட்டணம் சேர்ப்பார். வேறொருவர் அதற்குள் பெயரை ஏலத்துக்கே விட்டிருப்பார். ஏலம் எடுத்தவர் பெயருக்கு மாற்றிவிட்டால் பிறகு கேட்க வழியில்லை. ஒப்பந்தத்தில் அதற்கு நாம் ஏற்கெனவே சம்மதித்திருப்போம். அந்தச் சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இந்த நாட்களில் தளம் வேலை செய்யும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். புதுப்பிக்கும் உரிமை உங்களிடம் இருக்கும் கடைசி எட்டு நாளாவது தளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது 2013 முதல் ஐகேன் விதி. உரிமையாளர் விழித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே இப்படி. பல பதிவாளர்கள் அதற்கும் முன்பே நிறுத்தி, உங்கள் முகவரியில் விளம்பரப் பக்கத்தைப் போட்டுவிடுவார்கள். அதில் உங்கள் போட்டிக் கடையின் விளம்பரமே வரலாம்.

பதிவாளர் பெயரை ரத்து செய்தபின் 30 நாள் மீட்புக் காலம். அடகுக் கடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும்: நகை இன்னும் மூழ்கவில்லை, வட்டியோடு கட்டினால் திருப்பலாம். ஆனால் பழைய பதிவாளர் மூலமாகத்தான் மீட்க முடியும். வேறு கடைக்கு மாற்ற முடியாது. டாட் காம் பெயர் ஒன்றை மீட்கப் பதிவகமே பதிவாளரிடம் 40 டாலர் வாங்குகிறது. அதன் மேல் பதிவாளரின் லாபம், ஓர் ஆண்டுப் புதுப்பிப்பு, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர, ஆண்டுக்கு ஆயிரம் சொச்சத்தில் முடிய வேண்டியது பல மடங்காகிவிடும். மீட்புக் கட்டணத்தைப் பதிவாளர் தமது தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பெயர் வாங்கும்போதே அதைப் பார்த்து வையுங்கள். முதல் ஆண்டு மலிவாகக் கொடுப்பவரிடம் இந்தத் தொகை கனமாக இருப்பதுண்டு.

அந்த 30 நாளும் போனால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதில் யார் எவ்வளவு கொடுத்தாலும் மீட்பில்லை. ஆறாம் நாள் பெயர் சந்தைக்கு வரும். நன்றாக ஓடிய கடையின் பெயரானால், அதற்கென்றே காத்திருக்கும் கணினிகள் சில விநாடியில் எடுத்துவிடும். கெடு முடிந்த பின்னும் மார்க்கண்டேயனுக்கு ஆயுள் கிடைத்த ஊர் நம்முடையது. இந்த எமனிடம் அந்த வழக்கு எடுபடாது.

தாமதித்தால் லாபமும் இல்லை. புதிய ஆண்டு பழைய கெடுத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. இரண்டு மாதம் முன்னதாகக் கட்டினால் ஒரு நாளும் குறையாது. ஒரு மாதம் பிந்திக் கட்டினால் ஒரு நாளும் கூடாது. பதிவேட்டில் உள்ள நேரம் உலகப் பொது நேரம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது என்பதையும் கடைசி நாள் வரை காத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடிதம் எங்கே போகிறது?

கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள்ளும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும். எந்த முகவரிக்கு? பலர் கடையின் டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். பெயர் நின்றதும் அந்த மின்னஞ்சலும் நிற்கும். "உங்கள் பெயர் நின்றுவிட்டது" என்ற கடிதம் நின்றுபோன பெட்டிக்கே வரும்! பதிவுக்கு வேறு ஒரு மின்னஞ்சலும், தினமும் பார்க்கும் கைப்பேசி எண்ணும் கொடுப்பது நல்லது.

மின்னஞ்சலில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. உங்கள் பழைய பெயரை வேறொருவர் எடுத்துவிட்டால், அந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் அவர் கைக்குப் போகும். ஆர்டரும் பில்லும் மட்டுமல்ல, கடவுச்சொல் மாற்றும் கடிதங்களும்தான். சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு உங்கள் பெயரிலேயே எழுதி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லவும் அவரால் முடியும். தளம் நடத்துவதையே நிறுத்த முடிவு செய்தவர்கள்கூட, எல்லா இடத்திலும் மின்னஞ்சலை மாற்றி முடிக்கும் வரை ஓரிரு ஆண்டு பெயரைக் கட்டி வைத்திருப்பது சிக்கனமே.

தானியங்கிப் புதுப்பிப்பு போட்டிருக்கிறோம் என்பவர்கள் ஒரு முறை சரிபார்க்கவும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க முறையான முன் அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் விற்பவர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவும் கூடாது. வெளிநாட்டுப் பதிவாளரிடம் என்றோ கொடுத்த கார்டை நம்பியிருந்தால் பணம் எடுபடாமல் திரும்பியிருக்கலாம்.

பெரிய கம்பெனிக்கும் இது நேர்ந்தது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தனது பாஸ்போர்ட் சேவையின் டொமைனைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தம் கார்டில் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். நம் கடைக்கு அப்படி ஒருவர் வருவார் என்று இருக்க முடியாது.

போன பெயரைச் சட்டப்படி கேட்கலாமா? கேட்கலாம். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பெயர் உங்களுடையதாகவே சந்தையில் அறியப்பட்டது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஊர்ப்பெயரோடு அரிசி, மளிகை என்று சேர்த்தது எளிதில் நிற்காது. டிரேட் மார்க் பதிவு செய்திருந்தால் கை வலுவாகும். அதற்கும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பு உண்டு. ஆனால் அங்கே தவறினாலும் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் அவகாசத்தைச் சட்டமே தருகிறது; விற்பவர் தயவு தேவையில்லை.

டாட் இன் பெயர்களையும், தமிழிலேயே எழுதும் டாட் இந்தியா பெயர்களையும் நிர்வகிப்பது நிக்ஸி. இவை நாட்டுப் பெயர்கள் என்பதால் ஐகேனின் மேற்சொன்ன விதிகள் இவற்றைக் கட்டுப்படுத்தாது. இவற்றுக்கு நிக்ஸியின் விதியும் பதிவாளரின் ஒப்பந்தமும்தான். டாட் காம் ஒன்றும் டாட் இன் ஒன்றும் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைக்கவும். தகராறு வந்தால் டாட் இன்னுக்குத் தனி நடுவர் முறையும் இருக்கிறது.

கடைசியாக, பெயர் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். தளம் அமைத்துக் கொடுத்த பையன் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருப்பான். இப்போது துபாயில் வேலையில் இருப்பான். அவன் மேல் தவறில்லை, அன்று நாம் கேட்கவில்லை. நல்லுறவு இருக்கும்போதே பதிவாளர் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி, உரிமையாளர் பெயரைக் கடையின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "டொமைன் புதுப்பிப்பு பில்" என்று முன்பின் தெரியாத கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தால் பணம் கட்ட வேண்டாம். கெடுத் தேதி பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கக் கூடியது. அதைப் பார்த்தே இப்படி எழுதுகிறார்கள். உங்கள் பதிவாளரின் ரசீதை ஜி.எஸ்.டி. கோப்பிலேயே வைத்திருந்தால் பெயரை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.