ஊவாவுக்குப் போகிற பெறாமகளுக்கு

தொண்டைமானாறு

அன்புள்ள பெறாமகளுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் தோழிகளோடு எல்லவுக்குப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை, அப்புத்தளை, தியலும என்று நீ போட்ட பட்டியலிலும் குறையில்லை. அதன் கீழே எழுதிய ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு: எங்கள் ஊருக்கும் அந்த மலைக்கும் தொடர்பில்லை, சும்மா இயற்கையைப் பார்க்கப் போகிறோம் என்கிறாய். அந்த வரியின் இரண்டு பாதியும் பிழை என்பது என் கட்சி. ஊவாவில் கண்ணுக்கு அழகாய்த் தெரிவதில் பெரும்பகுதி மனிதர் செய்தது. எவர் செய்தார், என்ன விலைக்குச் செய்தார் என்று அறியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

முதலில் தொடர்பைச் சொல்கிறேன். எங்கள் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் வேலோடு புறப்படுகிற பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை கடந்து, குமண, யால காடுகளினூடே போய்ச் சேரும் கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனறாகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. வரலாற்றிலும் ஒரு முடிச்சு உண்டு. 1619இல் பிலிப்பு டி ஒலிவேராவை அனுப்பி யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, 1630இல் பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் அகப்பட்டு மாண்டான். அவனோடு வந்த லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படையினர் நடுவழியில் பக்கம் மாறிவிட்டார்கள். நல்லூரை விழுங்கிய கை ஊவாவில் ஒடிந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இனி இயற்கைக்கு வருவோம். 1815இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டே ஆண்டில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அடக்கப் போன கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படை வயலையும் களஞ்சியத்தையும் எரித்தது, மாடுகளைக் கொன்றது, பழமரங்களை வெட்டிச் சாய்த்தது. பின்தங்கிய மாகாணம் என்று ஊவாவைப் பற்றி இன்றைக்கு எவரும் பேசும்போது, அதற்கு வெறும் தூரத்தை மட்டும் காரணமாக்க முடியாது. பிறகு மேட்டுச் சரிவுகளில் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து அதைத் தின்னத் தொடங்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரயில் யன்னலால் நீ பார்க்கப்போகிற பச்சை பெரும்பாலும் காடல்ல. வரிசை பிடித்து நட்டு, இடுப்பளவில் வெட்டி வைத்திருக்கிற ஒரே செடி. அந்த ரயில் பதுளையை அடைந்தது 1924இல். உல்லாசப் பயணிகளை ஏற்ற அல்ல, தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே அந்தப் பாதை போடப்பட்டது. தெமோதரையில் கொஞ்சம் நின்று பார். சரிவு செங்குத்தாய் இருப்பதால் தண்டவாளம் மலையை ஒரு வட்டம் சுற்றி, சுரங்கத்தால் அந்த நிலையத்துக்கு அடியிலேயே வெளியே வருகிறது. ஒன்பது வளைவுப் பாலமோ உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாய் எழுந்தது.

அந்தச் சரிவில் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தவர்களில் வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் அந்த நினைவாகத்தான் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். இன்றைக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய் விரலால் கிள்ளி, தோளுக்கு மேலால் முதுகில் தொங்கும் கூடைக்குள் போடுகிறார்கள்; கூடையின் கயிறு நெற்றியில் அழுந்திக் கிடக்கும். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 1947 தேர்தலில் வாக்களித்த இந்த மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. யாழ்ப்பாணத்தில் இவர்களைத் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாய்ச் சொல்லும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அது எங்களுக்கு வெட்கம்.

சந்தோசமாய்ப் போகிற இடத்தில் ஏன் இந்தத் துயரம் என்று உன் தோழிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் தெமோதரைச் சுற்றின் கணக்கு தெரிந்தவளுக்கு அந்த ரயில் பயணம் இன்னும் இனிக்குமே தவிரக் கசக்காது. அறிவு ரசனையைக் கெடுப்பதில்லை. தோட்டம் இல்லாவிட்டால் அந்த மக்களுக்கு வேலை ஏது என்பது இன்னொரு வாதம். வேலை கொடுத்தது உண்மை. ஆனால் நாட்டுக்கு இவ்வளவு அந்நியச் செலாவணி தேடித் தந்த தொழிலில் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்ட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்ப் பார்ப்பது வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது ஆகாதா? ஆகும். ஆகவே லயத்துக்குள் கமராவோடு நுழையாதே. கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுக்க விரும்பினால், தமிழில் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எடு. பார்க்கிற இடத்தின் கதையைப் போகுமுன்னே படித்துக்கொள். சாப்பாட்டையும் தேயிலையையும் அந்த ஊர்க் கடையில் வாங்கு. காட்சிப்படுத்தாமல் மதிப்பதற்கு இவ்வளவு போதும்.

வழி இதுதான்: யாழ்ப்பாண ரயிலில் போய்ப் பொல்காவலையில் இறங்கி பதுளை வண்டிக்கு மாறு, கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பதுளையில் முதியங்கனை விகாரையையும் துன்ஹிந்த அருவியையும் விட்டுவிடாதே. தியலுமவுக்கு எப்படியும் கொஸ்லந்தைப் பக்கம் போவாய். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, அதே பகுதியில் மீரியபெத்தை எங்கே என்று விசாரி. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன தோட்டம் அது. அந்தச் சரிவு ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கேயே இருக்க நேர்ந்தது என்பதை அந்த ஊர்க்காரர் எவரேனும் சொல்ல முன்வந்தால், அவசரப்படாமல் இருந்து கேள். திரும்பி வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா