இல்லத்துக் கம்பியில்லா வலையும் இரண்டாம் ரவுட்டரும்

1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் என்பார், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். இவர் அந்நகரத்துத் தூய சவேரியார் கல்லூரியில் லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றவர். எனவே, அலை சுவரைக் கடக்கும் என்பதில் ஐயமில்லை. எத்தனை சுவர்களைக் கடக்கும், கடந்தபின் எவ்வளவு வலிமை எஞ்சும் என்பதே வீட்டில் ரவுட்டர் வைத்திருப்போர் ஆராயத்தக்கது.

எம் இல்லம் தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில் உள்ளது. ரவுட்டர் முன்கூடத்திலும், அன்னையாரின் அறை பின்கட்டிலும் அமைந்தன. இடையே மூன்று செங்கற்சுவர்களும் ஓர் இரும்புப் பீரோவும் உண்டு. அயல்நாட்டிலிருக்கும் எம் தமையனார் மாலைதோறும் அன்னையாரோடு காணொலியிற் பேசுவார். பேச்சோ பாதியில் அறுபடும். வேலை மிகுதியால் மகன் பேச்சை முறித்துக்கொள்கின்றான் என்று அன்னையார் எண்ணியிருந்தனர். இதனை எம்மிடம் கூறிற்றிலர். அண்டை வீட்டு அம்மையார் வாயிலாகவே அறிந்தோம்.

குற்றம் தமையனார்மீது அன்று. அலையின் இயல்பே அது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் கிலோவாட் கணக்கான ஆற்றலோடு ஒலிபரப்புவது. ரவுட்டரின் ஆற்றலோ ஒரு வாட்டில் சிறு கூறே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதனிற் பாதிக்கும் குறைவு. விரைவு மிக்கதாயினும் சுவரில் விரைவிலே தளர்வது. கம்பி கட்டிய கான்கிரீட்டும் நீர்த்தொட்டியும் பெருந்தடைகள். இரும்புப் பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்குப் பரிகாரம் இரண்டாம் ரவுட்டர். முதற் கருவியின் அலையைக் காற்றிலேயே வாங்கி மீண்டும் வீசும் கருவிகளும் உள. ஒரே சானலில் வாங்குவதும் வீசுவதும் மாறிமாறி நிகழ்தலால் அவற்றின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தளர்வின்றிக் கொண்டுசெல்லும். கம்பியில்லா வலையைப் பெருக்கக் கம்பியே சிறந்த துணை என்பது விந்தையே.

கம்பியை இழுத்து இரண்டாவதனை இணைத்தோம்; உள்ளதும் கெட்டது! வீடு முழுவதும் வலை நின்றது. காரணம் யாதெனின், வலையிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குதல் ரவுட்டரின் தொழில், இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எம் நகரின் குறுக்குத் தெரு ஒன்றில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு அலுவலர் தனித்தனியே வீட்டு எண் எழுதினால், தபாற்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? அன்றியும், எம் இரு கருவிகளும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைத் தம்மதாகக் கொண்டிருந்தன.

ஆகவே இரண்டாம் ரவுட்டர் முதலில் தன் அதிகாரத்தைத் துறத்தல் வேண்டும். அதனைத் தனியே ஒரு கணினியோடு பிணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றுக. முதலாவது பிறர்க்கு வழங்கும் வரிசையில் இவ்வெண் இராதபடி பார்த்துக்கொள்க. பின்னர் டி.எச்.சி.பி.யை நிறுத்துக. அதன்பின், முதலாவதன் லான் துளையிலிருந்து இதன் லான் துளைக்குக் கம்பி செலுத்துக. வான் துளை வெறுமையாகவே இருக்கட்டும். சில கருவிகளில் ஆக்ஸஸ் பாயின்ட் என்னும் முறையைத் தெரிவு செய்தால் இவை யாவும் தாமே அமையும். ஆண்டுக் கம்பி செருகுமிடம் மாறக்கூடும் ஆதலின் குறிப்பேட்டைப் பார்த்தல் நன்று.

வலையின் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். சானல் மட்டும் வேறாதல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்பவை ஒன்றன்மேலொன்று படியாதவை. 2005-இல் இந்திய அரசாங்கம் இவ்வலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த விடுத்தமையால், அண்டை வீட்டாரும் அதே வெளியிற் பேசுகின்றனர். அவர் சானலையும் நோக்கியே நம்முடையதைத் தெரிதல் வேண்டும். இன்னொன்று: கைபேசி பழகிய ரவுட்டரை எளிதில் விடாது. பின்கட்டிற்குச் சென்றும் முன்கூடத்தையே பற்றிக்கொண்டு தளரும். வைஃபையை ஒருமுறை அணைத்து மூட்டினால் அருகிலுள்ளதைப் பற்றும்.

இவ்வாறு திருத்திய அன்று மாலை, தமையனார் முக்கால் மணி நேரம் பேசினார். இறுதியில் பேச்சை முடித்தவர் அன்னையாரே; அடுப்பிற் பால் இருந்ததாம். கம்பிக்காக அறைச்சுவரில் இட்ட துளையைப் பற்றி மட்டும் இன்றும் எம்மைக் கடிந்துகொள்கின்றனர்.