குழலும் குறியும்

வேட்டையென்றவுடன் வில்லையும் வேலையும் நினைத்தல் தமிழ் பயில்வார்க்கு இயல்பு. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கனோ கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன். ஆயினும், அந்நூல் தோன்றிய 18ஆம் நூற்றாண்டிலேயே தென்பாண்டிப் பாளையங்களில் துப்பாக்கியும் வழங்கலாயிற்று. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் அத்தகைய துப்பாக்கியில், குறி தப்பாமைக்குரிய மருந்தளவை எங்ஙனம் தேர்வது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மருந்து மிகுந்தால் நன்மையும் மிகும் என்பது பலர் கொள்கை. இது பாதி மெய். மருந்து மிகுந்தால் குண்டு விரைந்து செல்லும் என்பது உண்மை. நேராகவும் செல்லும் என்பதற்கு யாதொரு நியதியும் இல்லை. விரைவு வேறு, நேர்மை வேறு.

இவ்வேறுபாட்டை முதன்முதல் கணித முறையில் ஆராய்ந்தவருள் தலையாயவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். இவர் 1742ஆம் ஆண்டில் பீரங்கிக்கலை பற்றி ஓர் அரிய நூல் வெளியிட்டார். தொங்கும் மரப்பலகையிற் குண்டைச் செலுத்தி, பலகை பின்வாங்கும் அளவினின்று குண்டின் விரைவைக் கணக்கிட்டார். வழுவழுப்பான குழலில் குண்டு பக்கங்களிற் பட்டு மனம்போனவாறு சுழல்வதனாலேயே வழி விலகுகிறது என்பதும், குழலின் உட்புறத்தே புரி வெட்டினால் அச்சுழற்சி செல்லும் திசையோடு ஒன்றி நிற்கும் என்பதும் இவர் காட்டிய உண்மைகள். இப்பேரறிஞர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாடு போந்து, 1751இல் கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையில் உயிர் நீத்தார். இஃது நம்மவருட் பலர் அறியாத செய்தி.

புரியுள்ள துப்பாக்கியையே ரைபிள் என்கிறோம். இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் பார்சைத் என்னும் படைத்தலைவர் 1863இல் எழுதிய நூலில் மற்றோர் உண்மையை விளக்கினார். விரைந்து திரும்பும் புரியில் மிகுந்த மருந்தை இட்டால், ஈய உருண்டை புரியைப் பற்றாது வழுக்கிவிடும். மெல்லத் திரும்பும் புரியிலோ மருந்தைக் கூட்டினும் குறி கெடாது. ஆகவே, தக்க அளவென்பது மருந்தை மட்டும் பொறுத்ததன்று; குழல், புரி, உருண்டை, அதனைச் சுற்றும் துணி ஆகிய அனைத்தின் பொருத்தமே அது.

இனித் தேரும் முறை. அரை அங்குல விட்டமுள்ள குழலை எடுத்துக்கொள்வாம். அதற்கேற்ற உருண்டை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம் நிறையுடையது. அது குழலினும் சிறிது சிறியதாயிருக்கும். நெய்ப்பசை தோய்ந்த துணி அவ்விடைவெளியை அடைக்கும். முதலில் 50 கிரெயின் கரிமருந்து இட்டு, துப்பாக்கியை மணல்மூட்டையின்மேற் சார்த்தி, 50 கெஜத் தொலைவிலுள்ள ஒரே குறியை ஐந்துமுறை சுடல் வேண்டும். பின்னர் ஐந்தைந்து கிரெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் புதிய தாளில் ஐந்தைந்து முறை சுடுக. துளைகள் ஒருங்கே நெருங்கிவந்து, ஓரளவுக்குமேல் மீண்டும் சிதறுதலைக் காணலாம். மிக நெருங்கிய அளவே அக்குழலுக்கு உரியது. துப்பாக்கி செய்தோர் குறித்த எல்லையை ஒருகாலும் கடத்தலாகாது. கரிமருந்துக்கு ஈடாகப் புகையிலா மருந்தை இடுதலும், உருண்டைக்கும் மருந்துக்கும் இடையே வெளி விட்டுக் கெட்டித்தலும் குழலையே பிளக்கவல்லன.

ஈண்டு இரண்டு விதிகள் இன்றியமையாதன. ஒருகால் ஒன்றையே மாற்றுக: மருந்தையும் துணியையும் சேர்த்து மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று அறிய வழியில்லை. இரண்டாவது, சிதறலையும் விலகலையும் வேறு பிரித்து உணர்க. துளைகள் நெருங்கி ஒருபுறம் ஒதுங்கியிருந்தால், பார்வைமுளையைத் திருத்தினால் அமையும். சிதறியிருந்தால் அத்திருத்தம் பயன்படாது.

தென்காசி குற்றாலப் பகுதிக்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. கரிமருந்தின் மசி ஈரத்தை ஈர்ப்பது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரற்காற்று வீசுங்கால் மசி இளகிக் கிடக்கும், மருந்தும் நனையக்கூடும். சித்திரை வெயிலிலோ மசி காய்ந்து இறுகி, அடுத்த உருண்டையைத் தடுக்கும். ஆதலின், ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னர்க் குழலை ஈரத்துணியால் துடைத்தலும், ஒரு பருவத்திற் கண்ட அளவை மறுபருவத்திற் சோதித்தலும் கடன்.

வேட்டைக்காரனுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே சூடு. மீண்டும் கெட்டிப்பதற்குள் விலங்கு மறைந்துவிடும். ஆதலின் தூய குழலினின்று செல்லும் முதற்குண்டு எங்கே படுகிறது என்பதே அவன் அறியவேண்டுவது. எத்தொலைவுவரை அவன் குண்டுகள் ஓர் உள்ளங்கையளவினுள் அடங்குமோ, அத்தொலைவே அவனுக்கு எல்லை. அதனைக் கடந்து சுடுபவன் விலங்கைக் கொல்வதில்லை. புண்படுத்திப் புதரில் துடிக்க விடுகிறான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் வேட்டை நம் நாட்டில் தடுக்கப்பட்டுள்ளது. துப்பாக்கி வைத்திருத்தற்கு 1959ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் வேண்டும். மலையடிவாரத்து உழவன் தன் பயிரைப் பன்றி உழுதுபோட்டதைக் கண்டு கொதிப்பினும், தானே தண்டம் விதித்தல் முறையன்று. அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், குறிப்பலகையைச் சுடும் பந்தயங்களில் இக்கலை இன்றும் வாழ்கின்றது என்க. அதனினும் மேலாக, ஆற்றலைக் கூட்டுமுன் அளவை அறிதலும், அறிந்த அளவுக்குள் அடங்கி நிற்றலும் எத்தொழிலுக்கும் பொருந்தும் அறமன்றோ? ஓருயிரின் வாழ்வும் சாவும் கைப்பிடியில் இருக்கும்பொழுது, அளவறியாமை வெறும் பிழையன்று, கொடுமையேயாம்.