ரவுட்டர் வாங்குமுன் மலையைப் பாருங்கள்

பதுளை நகரத்தில் குறையில்லாமல் ஓடும் ரவுட்டர், பசறைக்கு மேலேயுள்ள லயத்தில் முடங்கிப்போகும். குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீற்றர். டவர் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்துத் தோட்டத்தை மலை மறைத்துவிடுகிறது. கொரோனா காலத்தில், 2021இல், போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழி நடந்து பாறையில் ஏறியதும் சிக்னல் தேடித்தான்.

ஆகவே காசைக் கட்டுமுன் அளந்து பாருங்கள். டயலொக், மொபிட்டெல், ஹட்ச் சிம்களை அக்கம்பக்கத்தில் வாங்கி, ஒரே போனில் மாறி மாறிப் போட்டு, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் சோதியுங்கள். அன்ட்ரொயிட் போனின் ‘சிம் நிலை’ பகுதியில் டிபிஎம் கணக்கில் ஓர் எண் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 110ஐத் தாண்டினால் வகுப்பு அறுந்து அறுந்துதான் வரும். எல்லாரும் போனைத் திறக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒருமுறை பாருங்கள்.

முற்றத்தில் வரும் சிக்னல் காம்பராவுக்குள் வராவிட்டால் கருங்கல் சுவரும் தகரக் கூரையும்தான் காரணம். அங்கே விலையுயர்ந்த வைஃபை ரவுட்டர் உதவாது. வெளி அன்டெனா பொருத்தும் வசதியுள்ள, எந்த சிம்மையும் ஏற்கும் சாதாரண 4ஜி ரவுட்டரே போதும். அன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றி டவர் பக்கம் திருப்புங்கள். கேபிள் நீண்டால் சிக்னல் கரையும், ஆகவே குட்டையாக வையுங்கள். அலைவரிசையையும் கேளுங்கள். வீட்டு இணையத் திட்டங்களில் பயன்படும் 2300 மெகாஹேர்ட்ஸ் மலை மடிப்பில் சீக்கிரம் தடைப்படும். 900 போன்ற தாழ்ந்த அலை இன்னும் தூரம் எட்டும். மாற்றுக்கு இரண்டாவது சிம் வைப்பவர்கள் கவனிக்க: எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. அந்த இரண்டும் இப்போது ஒன்றுக்கொன்று மாற்றாகா.

ஃபைபர் கம்பி வாசல்வரை வந்திருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பண்டாரவளை, வெலிமடை நகரங்களை விட்டு விலகினால் அந்த வாய்ப்பு குறைவு.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்குக்கு டவர் வேண்டாம், திறந்த வானம் வேண்டும். சவுக்கு மரக்கிளை மறைத்தாலும் தடங்கல்தான். அறிமுகமானபோது கருவி ஒரு இலட்சத்துக்கு மேல், வழக்கமான வீட்டுத் திட்டத்தின் மாதக் கட்டணம் 15,000 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350. பதினொரு நாள் உழைப்பை ஒரு குடும்பம் இதற்குக் கொடுப்பது அநியாயம். பாடசாலையோ கோவில் மண்டபமோ பொதுவில் எடுத்து, பிள்ளைகள் எல்லாரும் பயன்படுத்தினால்தான் இது பொருந்தும்.

எதை எடுத்தாலும் மின்சாரத்துக்கு வழி செய்யுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவால் சிதைத்தபோது மின்சாரமும் தொடர்பும் சேர்ந்தே போயின. 4ஜி ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவதால் சிறிய யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். ஸ்டார்லிங்குக்கு அதைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். அன்டெனாக் கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். இடி முழங்கத் தொடங்கியதும் மின்கம்பியையும் அன்டெனாக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.